அவர் பாடாத சொல்

நன்றாகப் பாடுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பாட்டை நிறுத்தத் தெரிந்தவர் என்றால், நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான். மறந்துபோய் நிற்பதைச் சொல்லவில்லை, தொண்டை கட்டி நிற்பதையும் சொல்லவில்லை. மேடையில் பாட்டு உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும். கீழே ஏதாவது ஓர் அநியாயம் அவர் கண்ணில் பட்டுவிடும். வலது கையை விரித்துக் கித்தார்க் கம்பிகளின் மேல் அப்படியே வைத்துவிடுவார். அவ்வளவுதான். டிரம்ஸ் நிற்கும், பேஸ் நிற்கும், பின்னால் நின்று கோரஸ் பாடும் நான் திறந்த வாயோடு நிற்பேன். விஷயம் ஒரு முடிவுக்கு வந்ததும், எந்தச் சொல்லில் எந்த எழுத்தில் விட்டாரோ அதே எழுத்தில் பிடிப்பார். ஒரு தடவைகூட அவர் பிசகி நான் பார்த்ததில்லை.

நான் யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். கலியாணத்துக்கு முன்பே அவருடைய பேண்டில் சேர்ந்தேன். பிள்ளைகள் பெற்று, அவர்களும் வளர்ந்த பிறகும் அவருக்குப் பின்னால் நின்று பாடியிருக்கிறேன். அவரை அண்ணன் என்பேன். அவர் மனைவி எனக்கு அண்ணி. பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள் இருவரும். அண்ணன் வாசித்தது ரொக். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் யாருக்குத் தெரியும்? "அந்த அண்ணன் கித்தாரக் கிழிக்கிறாரு" என்பார்கள். சினிமாப் பாட்டுக் கேட்க வந்தவர்களுக்கு நாலு சினிமாப் பாட்டைக் கொடுத்துவிட்டு, மெதுவாகத் தன்னுடையதை எடுத்துவிடுவார். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று சனம் எழுந்து பார்க்கும். இரண்டாவது சரணம் வருவதற்குள் எல்லார் காலும் ஆட ஆரம்பித்துவிடும்.

ஒரு முறை தோட்டத்துக் கோவில் திருவிழா. தோட்டத்தை நடத்தும் தொரை வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. சனம் எவ்வளவுதான் காத்திருக்கும்? நாங்கள் தொடங்கிவிட்டோம். பாட்டுப் பாதியில் இருக்கும்போது ஜீப் வந்தது. கோவில் கமிட்டித் தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தார்.

"தொரை வந்துட்டாரு. மொதல்லேருந்து பாடுங்க, மொதல்லேருந்து!"

கை கம்பி மேல் விழுந்தது. அண்ணன் மைக்கில் வாயை வைத்தார்.

"பாட்டு என்னா பஸ்ஸாங்க, தொரை ஏறணும்னு ரிவர்ஸ் எடுக்க? தொரையும் பாதியிலேருந்தே கேக்கட்டும். நாங்களும் எல்லாத்தையும் பாதியிலேருந்துதானே கேக்குறோம்."

சனம் கத்திய கத்தலில் கோவில் மணிச் சத்தம் கேட்கவில்லை. தொரைக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற கிளாக்கரிடம் என்ன சொல்கிறார் என்று கேட்டார். கிளாக்கர் கெட்டிக்காரர், "உங்களை வரவேற்கிறார் சேர்" என்றிருக்கிறார். தொரை எழுந்து மேடையைப் பார்த்துக் கும்பிட்டார். அண்ணனும் கும்பிட்டுவிட்டு விட்ட எழுத்தில் பிடித்தார். தலைவர் மட்டும் அடுத்த திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்ததுக்குச் சனமே பிடிவாதம் பிடித்துக் கூப்பிட்டது.

மேடையில் இல்லாத நேரத்தில் அவர் அவ்வளவு பேசமாட்டார். பாடுவதற்கு முன்னால் ஒரு துண்டு இஞ்சியை வாயில் போட்டு மென்றுகொண்டே எல்லார் முகத்தையும் பார்ப்பார். யாராவது "சும்மா ஒரு பாட்டுப் பாடுங்க" என்றால் போச்சு. "சும்மாவா? சும்மான்னா என்னா?" என்று பிடித்துக்கொள்வார். சொல்லை அவர் சொல்லாகவே எடுப்பவர். ஒரு சொல்லை எடுத்த இடத்தில் இன்னொரு சொல்லைப் போட்டால் அவருக்கு ஒத்துவராது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் என்னுடைய வயிற்றெரிச்சல் எல்லாம் இதைப் பற்றியதுதான்.

அண்ணிக்குப் பிள்ளை இல்லை. லயத்தில் அதற்கு ஒரு பெண் என்னென்ன கேட்க வேண்டியிருக்கும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நல்ல காரியத்தில் முன்னால் வராதே, தட்டைத் தொடாதே, குழந்தையைத் தூக்காதே. அண்ணி வாய் திறக்கமாட்டார். தானாகவே ஒதுங்கிப் பின்னால் போய் நிற்பார். கடைத்தெரு மண்டபத்தில் ஒரு கலியாணத்துக்கு நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டார். ஆரத்தித் தட்டோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். பெண்ணோட அம்மா அண்ணியின் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்திருக்கிறார், பாவம், நல்ல மனசு. வரிசையில் நின்ற யாரோ ஒரு சித்தி அதைப் பிடுங்கி வேறொருத்தியிடம் கொடுத்தாள். அண்ணி சிரித்துக்கொண்டே பின்னால் போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கே பத்திக்கொண்டு வந்தது.

கை விழுந்தது. மண்டபம் கப்பென்று ஆகிவிட்டது.

"என்னாங்க, மாப்பிள்ள வாசல்ல நிக்கிறாரு! பாடுங்க!"

"நிக்கட்டும். எங்க வீட்டுக்காரி கையில இருந்த தட்ட யாரோ புடுங்கிட்டாங்க. அதக் குடுங்க. குடுத்தா பாட்டு வரும். பாட்டு வந்தா மாப்பிள்ளயும் உள்ள வரலாம்."

மாப்பிள்ளை வியர்த்துக்கொண்டு நிற்கிறார். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது. சித்தி முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில் பெண்ணோட அம்மாவே வந்து அந்தத் தட்டை வாங்கி அண்ணி கையில் வைத்தார். அண்ணன் விட்ட எழுத்தில் தொடங்கினார். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அண்ணி அவரைத் திட்டித் தீர்த்தார். "ஊரே என்னயப் பாக்குது, ஒங்களுக்கு அறிவிருக்கா?" என்றாராம். திட்டிக்கொண்டே சோற்றுக்குப் பக்கத்தில் இரண்டு முட்டை பொரித்து வைத்தாராம். இதை எனக்குச் சொன்னதும் அண்ணிதான்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

அண்ணி முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். பால் என்றால் எங்களுக்கு முதலில் ரப்பர்ப் பால்தான். விடியற்காலை மரத்தைக் கீறினால் பால் வடிந்து சிரட்டையில் விழும். அதை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். சேர்த்த பிறகும் மரம் சும்மா இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அது சிரட்டையிலும் பட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அதை உரித்து எடுக்கவேண்டும். கறுப்பாக இருக்கும், நாறும், விரலில் பட்டால் விடாது. தேசிக்காய்ப் புளி தேய்த்தாலும் போகாது. அதற்குப் பெயர் ஒட்டுப்பால். மட்டமான சரக்கு என்று அதைத் தனியாகப் போட்டுவைப்பார்கள்.

அண்ணனும் அண்ணியும் கலியாணம் முடித்த புதிதில், பிரஜாவுரிமை இல்லையென்று தோட்டத்துப் பாதிச் சனத்தைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அண்ணனின் சொந்தத் தமையன் குடும்பத்தோடு போனார். இவருக்கு இங்கே இருக்கக் கிடைத்தது. வழியனுப்பிவிட்டு வந்த சாயங்காலம் லயத்தில் யாரோ, "நாம எல்லாம் மிச்சம் மீதிதான்" என்று அழுதார்களாம். தண்ணீர்ப் பீலிக்கரையில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணி திரும்பிப் பார்த்து, "மிச்சமில்ல. ஒட்டுப்பாலு" என்றாராம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அண்ணன் ஒரு பாட்டுக் கட்டினார்.

"ஒட்டுப்பாலு நாங்க, ஒதறிப் பாரு, போகமாட்டோம்.
ஊர்த்தண்ணி அத்தனையும் ஊத்திக் கழுவு, போகமாட்டோம்."

அதைப் பாடும்போது கித்தாரைக் கிழிக்கமாட்டார். உறுமவிடுவார். எத்தனை மேடை! றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், மலைப்பாதையில் பஸ் முக்கி முக்கி ஏறிப் போய்ச் சேர்ந்து பாடியிருக்கிறோம். தேயிலைக்காரர்களுக்கு ஒட்டுப்பால் என்னவென்று தெரியாது. பாட்டு முடிந்ததும் மேடைக்கு வந்து கேட்பார்கள். இவர் சொல்வார். அவர்கள் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டு போவார்கள். அந்தப் பாட்டை யார் பாட்டு என்று கேட்டால், "எங்க வீட்டுக்காரி பாட்டு. நா தூக்கிக்கிட்டுத் திரியிறேன்" என்பார். கசெட்டில் ஒரு தடவை ஒலிப்பதிவு செய்தோம். அது தேய்ந்து, நாடா சிக்கி, யாரிடமும் இல்லாமல் போய்விட்டது. வயது ஏற ஏற அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். தான் போவதற்கு முன்னால் அண்ணியின் பாட்டு ஒழுங்காக ஒரு ரெக்கோட்டில் ஏறவேண்டும்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு தம்பி வந்தார். பாட்டும் அவரே எழுதுவார், இசையும் அவரே போடுவார், அவர் செய்த பாட்டுக்கள் எல்லாரின் போனிலும் இருக்கின்றன. காதில் கடுக்கன், வாய் நிறைய மரியாதை. எங்கேயோ பழைய சாமான் கடையில் அந்தக் கசெட் ஒன்று கிடைத்ததாம். லயத்துக்கு வந்து அண்ணியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "அங்கிள், நீங்கதான் எங்க எல்லாருக்கும் முன்னோடி" என்றார். கெட்டவனாக இருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. உண்மையிலேயே அண்ணன் மேல் உயிராக இருந்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

"சின்ன ரெக்கோட் ஒண்டு செய்வம் அங்கிள். நாலே நாலு பாட்டு."

"ஒரு ஆயுசுக்கு நாலு பாட்டா தம்பி?"

"நாலும் நெருப்பா இருக்கும் அங்கிள்."

அண்ணன் சிரித்தார். கோரஸுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனார். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு அறை. காதில் மாட்டிவிடும் கருவியில் தாளம் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், அதற்குத்தான் பாடவேண்டும். முதல் மூன்று பாட்டும் அருமையாக வந்தன. இல்லை என்று சொல்லமாட்டேன், அந்தத் தம்பிக்குக் காது இருக்கிறது. கித்தாரின் உறுமலை அப்படியே பிடித்தார். நாலாவது, அண்ணியின் பாட்டு. அண்ணன் முதல் வரியைப் பாடி முடித்ததும் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பேசினார்.

"அங்கிள், ஒரு சின்ன விஷயம். ஒட்டுப்பால் எண்டா யாருக்கும் விளங்காது. கொழும்பிலயும் விளங்காது, யாழ்ப்பாணத்திலயும் விளங்காது, சென்னையிலயும் விளங்காது."

"விளங்காட்டி கேக்கட்டும். பாட்டு எதுக்கு இருக்கு? கேக்கத்தானே?"

"அப்பிடி இல்ல அங்கிள். தாய்ப்பால் எண்டு வச்சுப் பாருங்க. தாய்ய கொஞ்சம் இழுத்தா தாளத்துக்குச் சரியா வரும். கேட்ட உடன கண்ணுல தண்ணி வரும்."

கை கம்பி மேல் விழுந்தது. ஆனால் காதுக்குள் அந்த டிக் டிக் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் கருவியைக் கழற்றி அதை ஒரு பார்வை பார்த்தார்.

"இது யாரு தம்பி, நிப்பாட்டினாலும் நிக்கமாட்டேங்கிறான்?"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"தாய்ப்பால யாராச்சும் ஒதறுவாங்களா? ஊத்திக் கழுவுவாங்களா? அர்த்தம் இருக்கா தம்பி இதுல? அந்தச் சொல்லு என் வாயில வராது. இது எங்க வீட்டுக்காரி சொல்லு. வேணும்னா இந்தப் பாட்டயே விட்டுருங்க, மூணு போதும்."

"ஐயோ, சரி அங்கிள். உங்க விருப்பம். உங்கட சொல்லாவே பாடுங்க."

பாடினார். அப்படி ஒரு பாட்டை அவர் மேடையில்கூடப் பாடியதில்லை. அதற்குப் பிறகு தம்பி, குரலைச் சரிபார்க்கவேண்டும் என்று அவரிடம் என்னென்னவோ வாசிக்கச் சொன்னார். பேப்பரை வாசித்தார், பழைய கதை சொன்னார், தனித்தனிச் சொல்லாகவும் சொன்னார். நாங்கள் என்ன கண்டோம்? ரெக்கோட் வேலை என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தோம். வரும் வழியில் அண்ணன் பஸ்ஸில் இஞ்சி மென்றுகொண்டு, "வேல முடிஞ்சிச்சு தங்கச்சி" என்றார். அவ்வளவு நிம்மதியாக அவரை நான் பார்த்ததே இல்லை.

ரெக்கோட் வெளிவந்த அன்றைக்கு இருவரும் என் கடைக்கு வந்தார்கள். அண்ணி கலியாண வீட்டுக்கு உடுத்தும் சேலையில் வந்திருந்தார். துணி வெட்டும் மேசையில் போனை வைத்து, அண்ணியின் பாட்டை முதலில் போட்டேன். கித்தார் உறுமியது. அண்ணனின் குரல் வந்தது.

தாய்ப்பாலு நாங்க, ஒதறிப் பாரு, போகமாட்டோம்.

நான் காது கோளாறு என்று நினைத்தேன். நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். அதே குரல்தான், அதே கரகரப்பு, மூச்சு வாங்குகிற இடத்தில் அதே மூச்சு. அவர் பாடவேமாட்டேன் என்று கம்பியில் கை வைத்த அந்தச் சொல்லை அவர் குரலே பாடிக்கொண்டிருந்தது! அண்ணன் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி அவரைப் பார்த்தார்.

"என் பாட்டுன்னு சொன்னீங்க?"

"ஒம்பாட்டுதாம்மா."

"எனக்கு ஏதுங்க தாய்ப்பாலு?"

கத்தவில்லை, அழவில்லை. கணக்குக் கேட்பது போலத்தான் கேட்டார். ஐயோ, அந்தக் கேள்வியை அந்தக் கொழும்புத் தம்பி கேட்டிருக்கவேண்டும். தாய்ப்பால் என்றால் எல்லார் கண்ணிலும் தண்ணீர் வரும் என்றாரே, இந்தக் கண்ணைப் பார்த்திருக்கவேண்டும். அண்ணி சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, "வீட்டுல வேல கெடக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

அண்ணன் என் போனிலிருந்தே தம்பியைக் கூப்பிட்டார். நான் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அங்கிள்! சந்தோஷமா? எங்க பாத்தாலும் நம்மட பாட்டுத்தான்."

"தம்பி, நா அந்தச் சொல்லப் பாடலியே."

"ஓம் அங்கிள், அந்த ஒரு சொல்ல மட்டும் கம்பியூட்டர் பாடினது. உங்கட குரலக் குடுத்தா அது படிச்சிரும். இப்ப எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறாங்க. ஒருத்தராலயும் கண்டுபிடிக்க ஏலாது."

"எங்க வீட்டுக்காரி கண்டுபிடிச்சிட்டா தம்பி. மாத்திப் போடுங்க."

"இப்ப மாத்தினா சனம் ஏத்துக்காது அங்கிள். அவங்களுக்கு இதான் பழகிட்டுது. கொஞ்ச நாள் போகட்டும், நீங்களே சந்தோஷப்படுவீங்க பாருங்க."

எப்படி இருக்கிறது நியாயம்! ஒரு மனுஷன் வேண்டாம் என்று சொல்கிறான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குத் தெரியாமல் அவன் தொண்டையை எடுத்துக்கொண்டு போய், அவன் சொல்லாததை அவனைக்கொண்டே சொல்லவைத்துவிட்டு, கண்டுபிடிக்கமுடியாது என்று பெருமையாகவும் சொல்கிறார்கள். இதற்குத் திருட்டு என்றும் சொல்லமுடியாது. திருடினால் பொருள் நம்மிடம் இருக்காது. அவர் குரல் அவரிடமும் இருந்தது. அப்போ இதற்கு என்ன பேர்? தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தையில் யட்டியாந்தோட்டையில் பொங்கல் விழா வைத்தார்கள். தம்பி லெப்டொப்போடு வந்திருந்தார். "நேரடியாப் பாடத் தேவையில்ல அங்கிள், வாயசைச்சாப் போதும்" என்றார். நான் போகவேண்டாம் என்றுதான் சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை.

"அந்த எடத்துல நா நிப்பாட்டிட்டு, சரியான சொல்லச் சொல்லிப் பாடிருவேன் தங்கச்சி. நம்ம சனம்தானே. ஒரு தடவ கேட்டா புரிஞ்சுக்கும்."

பாட்டுத் தொடங்கியது. அந்தச் சொல் வந்தது. அண்ணன் கையை விரித்துக் கம்பி மேல் வைத்தார்.

பாட்டு நிற்கவில்லை.

எப்படி நிற்கும்? அது கித்தாரிலிருந்தா வந்தது, அவர் தொண்டையிலிருந்தா வந்தது? மேசை மேல் இருந்த பெட்டியிலிருந்து வந்தது. அவர் வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறார். ஸ்பீக்கரில் அவர் குரல் முழங்குகிறது. மைக்கில் பேசிப் பார்த்தார், அது உயிரில்லாத மைக். நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கப் பார்த்தேன். தம்பியோடு வந்த ஒருவன் குறுக்கே நின்று, "அன்ட்டி, ப்ளீஸ் அன்ட்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். கீழே பார்த்தால் இன்னும் மோசம். அண்ணன் கை விரித்ததை ஆட்டத்தில் ஏதோ ஒரு ஸ்டைல் என்று நினைத்து, இளவட்டங்கள் எல்லாம் கையை விரித்து விரித்து ஆடினார்கள். பாட்டு முடியும்வரை அவர் கையை எடுக்கவில்லை. முடிந்ததும் விசிலடித்தார்கள். அன்றோடு அவர் மேடை ஏறுவதை விட்டுவிட்டார்.

பிறகு அது எங்கேதான் கேட்கவில்லை? த்ரீவீலில், கோழிக் கடையில், சாமத்தியச் சடங்கில், பள்ளிக்கூட அன்னையர் தினத்தில். அன்னையர் தினத்தில்! அண்ணி தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் ஒருத்தி, "ஒங்க வீட்டுக்காரரு பாட்டக் கேட்டா எங்க அம்மா ஞாபகம்க்கா" என்றாளாம். அண்ணி என்ன பதில் சொல்லியிருப்பார்? வழக்கம்போல் சிரித்திருப்பார்.

போன மழைக்காலத்தில் தெரணியகலையில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு அண்ணனும் நானும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். உட்கார இடமில்லை. வெளியே மழை, சட்டர்களை எல்லாம் மூடி உள்ளே புழுக்கம். பாட்டுப் பெட்டியில் ஒரு சிங்களப் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. கித்தாரின் முதல் உறுமலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் மேலே கம்பியைப் பிடித்தபடி கொண்டக்டரைக் கூப்பிட்டார்.

"மல்லி, ஓக்க நவத்தன்ன." அதை நிறுத்து தம்பி என்றார்.

"அயி சீயே? ஹொந்த சிந்துவக்னே!" ஏன் தாத்தா, நல்ல பாட்டுத்தானே என்று அவன் சிரித்தான். தமிழ் தெரியாத அவனுக்குக்கூட அந்தப் பாட்டுப் பிடித்திருந்தது.

அது என் பாட்டு, நான் கட்டியது, அதில் ஒரு சொல் பிழையாக இருக்கிறது என்று அண்ணன் சிங்களத்திலேயே சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். அப்படியானால் பாடிக் காட்டுங்கள் சீயா என்று கொண்டக்டர் பாட்டைக் குறைத்தான். நக்கலுக்குச் சொன்னதுதான். அண்ணன் நக்கலாக எடுக்கவில்லை. வாயில் இஞ்சி இல்லை, கையில் கித்தார் இல்லை, ஆடுகிற பஸ்ஸில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடினார்.

"ஒட்டுப்பாலு நாங்க, ஒதறிப் பாரு, போகமாட்டோம்..."

குரல் உடைந்துதான் இருந்தது. ஆனாலும் பஸ் அடங்கிவிட்டது. டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அப்பாடா, இத்தனை பேர் காதிலாவது சரியாக விழுந்ததே என்று. பாடி முடித்ததும், எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் திரும்பினாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவள், மடியில் சாப்பாட்டுப் பையும் ஒரு பழைய சாக்கும்.

"நல்லாப் பாடுறீங்க மாமா. ஆனா சொல்லு பிழைங்க. அது தாய்ப்பாலு."

கேலி செய்யவில்லை. பெரிய மனுஷன், மறந்துபோயிருப்பார் என்று இரக்கப்பட்டுச் சொன்னாள். அண்ணன் அவள் கையைப் பார்த்தார். நகத்துக்கு அடியெல்லாம் கறுப்பு.

"நீங்க பால் வெட்டுறீங்களாம்மா?"

"ஆமாங்க."

"அப்ப ஒட்டுப்பால்னா ஒங்களுக்குத் தெரியுமே."

"தெரியாமயா மாமா? தெனம் அதத்தானே உரிக்கிறேன்." அவள் சிரித்தாள். "அதப் போயி யாராச்சும் பாட்டுல வப்பாங்களா?"

சில பேர் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். கொண்டக்டர் பாட்டை மறுபடி கூட்டினான். அவளைப் பிடித்து உலுக்கி, அடிப் பாவி, உன் கையைப் பற்றித்தானே அந்த மனுஷன் பாடினார் என்று கத்தவேண்டும் போல் இருந்தது. அண்ணன் என் தோளைத் தொட்டு வேண்டாம் என்று தலையாட்டினார். பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அந்த வலது கை கம்பியிலேயே இருந்தது, விழாமல் இருப்பதற்காக.

அவர் இப்போது இல்லை. சாவு வீட்டில் பையன்கள் ஸ்பீக்கர் கட்டப் போனார்கள். அண்ணி ஒரே சொல்லில் வேண்டாம் என்றுவிட்டார். இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று லயத்துக்குப் போய் அவரிடம் சொன்னேன். அண்ணி சொன்னார்:

"எழுது தங்கச்சி. பேர மட்டும் போட்டுறாத. பேரப் போட்டா போன்ல தேடுவாங்க. தேடினா அதுதான் பாடும்."